உயிரித் தொழில்நுட்ப ஆய்வுப் போட்டி: முதன்முறை இறங்கும் பள்ளி மாணவருக்கு

கைபேசித் திரையைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, அதை அகார் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) இழுத்து, இரண்டு நாள் கழித்து முளைத்திருக்கும் புள்ளிகளை எண்ணுவது. உயிரியலில் ஆர்வம் உள்ள மாணவர்கள் பலருக்கும் முதலில் தோன்றும் ஆய்வு இதுதான். செய்வது எளிது, பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் பள்ளி மாணவர்களுக்கான பன்னாட்டு அறிவியல் பொறியியல் கண்காட்சியின் விதிப்படி, இதை வீட்டில் செய்தால் அந்த ஆய்வு போட்டிக்கே வர முடியாது. முறையான ஆய்வகத்தில் செய்தாலும், முளைத்த தட்டின் மூடியை ஒருமுறை திறந்துவிட்டால் தேவைப்படும் பாதுகாப்பு நிலை ஒரு படி உயர்ந்துவிடுகிறது. எந்தக் கிருமி வளர்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதே காரணம்.

போட்டி ஆய்வு எதில் நிற்கிறது, எதில் விழுகிறது என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே காட்டிவிடும். சோதனைக் குழாயைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. என்ன கேட்கிறீர்கள், எங்கே செய்கிறீர்கள், யார் எந்தத் தேதியில் கையெழுத்திட்டார்கள், எதோடு எதை ஒப்பிடப் போகிறீர்கள் ஆகிய நான்கும் சரியாக இருந்தால், சாதாரண ஈஸ்ட்டை வைத்தே நல்ல ஆய்வு செய்யலாம். இவை சரியில்லை என்றால் விலையுயர்ந்த கருவி எதுவும் காப்பாற்றாது.

எந்தப் போட்டி, எந்த மாதிரி

எல்லாப் போட்டிகளையும் ‘அறிவியல் கண்காட்சி’ என்ற ஒரே பெயரில் அழைத்தாலும், அவை கேட்பது ஒன்றல்ல.

முதல் வகை, தனி மாணவரோ சிறு குழுவோ செய்து முடித்த ஆய்வைக் கொண்டுவரும் கண்காட்சி. இதில் பெரியது மேலே சொன்ன பன்னாட்டுக் கண்காட்சி. சுருக்கமாக ஐசெஃப் என்பார்கள். 1950இல் பிலடெல்பியாவில் தேசியக் கண்காட்சியாகத் தொடங்கியது. இப்போது ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கிறது. 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கானது. குழு என்றால் மூன்று பேருக்கு மேல் கூடாது. நேரடியாக விண்ணப்பிக்க வழியில்லை; அதனோடு இணைந்த உள்ளூர் அல்லது தேசியக் கண்காட்சியில் தேர்வாகித்தான் போக வேண்டும். இங்கே ‘உயிரித் தொழில்நுட்பம்’ என்று தனிப் பிரிவு கிடையாது என்பது பலருக்கும் தெரியாது. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், செல் மற்றும் மூலக்கூறு உயிரியல், தாவர அறிவியல், கணினிவழி உயிரியல், உயிர்மருத்துவப் பொறியியல் என்று உங்கள் ஆய்வு எதில் விழும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஐரோப்பாவில் 1989 முதல் நடக்கும் இளம் விஞ்ஞானிகள் போட்டியும் இதே வகை; 14 முதல் 20 வயது வரை உள்ளவர்கள், தத்தம் நாட்டுப் போட்டியில் வென்று அங்கே போகிறார்கள்.

இரண்டாவது வகை ஐஜெம் என்னும் பன்னாட்டு அணிப் போட்டி. 2003இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒரு மாதப் பாடமாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு ஐந்து அணிகளின் போட்டியாக மாறியது. 2011 முதல் பள்ளி அணிகளும் கலந்துகொள்கின்றன. மரபணுத் துண்டுகளைக் கட்டுமானப் பொருள்போல இணைத்து, ஒரு நுண்ணுயிரை ஏதோ ஒரு வேலை செய்யவைப்பதுதான் இதன் மையம். பெரிய அணி, முழு ஆய்வகம், பல மாத உழைப்பு, கணிசமான பதிவுக் கட்டணம் எல்லாம் வேண்டும். செய்த ஆய்வோடு, அதை யாருக்காகச் செய்தீர்கள், அவர்களிடம் பேசினீர்களா, அது பாதுகாப்பானதா என்பதையும் விரிவாக எழுதச் சொல்வார்கள். மாற்றியமைத்த உயிரை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுபோவதற்குத் தடை உண்டு. முதன்முறை இறங்குபவர் தனியாக இதில் நுழைவது இயலாத காரியம்.

மூன்றாவது வகை, சோதனையை முன்மொழிந்தால் மட்டும் போதும் என்னும் போட்டி. ‘ஜீன்ஸ் இன் ஸ்பேஸ்’ அப்படிப்பட்டது. அமெரிக்கப் பள்ளிகளின் 7 முதல் 12ஆம் வகுப்பு மாணவர்கள், விண்வெளியில் செய்யத்தக்க டிஎன்ஏ சோதனை ஒன்றை வடிவமைத்து எழுதி அனுப்புகிறார்கள். வென்ற சோதனை பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நடத்தப்படுகிறது. 2016இல் விண்வெளியில் முதன்முதலாக டிஎன்ஏ நகலெடுக்கப்பட்டது இந்தப் போட்டி வழியாகத்தான். ஆய்வகம் கைக்கு எட்டாத மாணவர்கள், இந்த மாதிரியில் முன்மொழிவு எழுதிப் பழகுவதே சிறந்த பயிற்சி என்று சொல்லலாம். ஒரு சோதனையைத் தாளில் முழுமையாக யோசிப்பது கடினம்; கைவேலையைவிட அதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

கேள்வியைச் சுருக்குவது

‘பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா’, ‘புற்றுநோய்க்கு மூலிகை’ என்பவை தலைப்புகள். இவற்றை ஒரு பள்ளி ஆண்டில் சோதிக்க முடியாது. கேள்வி என்றால் அதில் மூன்று இருக்க வேண்டும்: நீங்கள் மாற்றப்போவது எது, அளக்கப்போவது எது, எந்த உயிரில். ‘உப்பின் செறிவு கூடக்கூட ரொட்டி ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயுவின் அளவு எப்படி மாறுகிறது?’ என்பதில் மூன்றும் இருக்கின்றன.

ஆனால் இதன் விடை ஏற்கெனவே புத்தகத்தில் உள்ளது. இங்கேதான் ஒரு படி மேலே போக வேண்டும். ‘குறைந்த உப்பில் ஒருமுறை வளர்ந்த ஈஸ்ட், பிறகு அதிக உப்பைக் கூடுதலாகத் தாங்குமா? தாங்கினால், அந்தத் திறன் எத்தனை மணி நேரம் நிற்கும்?’ என்று கேளுங்கள். உயிரும் அதேதான், குழாயும் அதேதான், செலவும் அதேதான். ஆனால் இப்போது விடையைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துவிட முடியாது; உங்கள் சோதனைதான் சொல்ல வேண்டும். புதுமை என்பது பெரும்பாலும் இப்படி ஒரு அடுக்கு ஆழம் போவதில்தான் கிடைக்கிறது.

எந்த உயிரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதும் கேள்வியின் பகுதிதான். முதுகெலும்புள்ள விலங்கு என்றால் விதிகள் மிகக் கடுமை. அதனால் அனுபவமுள்ள வழிகாட்டிகள் பழ ஈ, தட்டைப்புழு, நீர்த்தெள்ளு, உருளைப்புழு, பாசி, முளைக்கும் விதை இவற்றின் பக்கம் திருப்புவார்கள். வரிக்குதிரை மீனின் கரு ஒரு விதிவிலக்கு: கருவுற்று 7 நாள், அதாவது 168 மணி நேரம் வரை ஐசெஃப் விதியில் அது விலங்காகக் கொள்ளப்படுவதில்லை.

தாள்வேலை முதலில், பரிசோதனை பிறகு

நல்ல ஆய்வுகள் நிராகரிக்கப்படுவதற்குப் பொதுவான காரணம் தேதி. சோதனை மார்ச் 3இல் தொடங்கியது, ஒப்புதல் கையெழுத்து மார்ச் 20இல் விழுந்தது என்றால், அந்த ஆய்வைப் பின்னால் சரிசெய்ய வழியே இல்லை. ஒப்புதல் சோதனைக்கு முன்பே வேண்டும் என்பது சடங்குக்காக எழுதிய விதி என்று நினைக்காதீர்கள். ஆபத்தைத் தெரிந்தவர் ஒருவர், ஆபத்து நிகழும் முன்பே திட்டத்தைப் படித்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

வரிசை இப்படிப் போகும். முதலில் ஆய்வுத் திட்டத்தை எழுதுங்கள்: கேள்வி, கருதுகோள், செய்முறை, ஆபத்துகள், அவற்றை எப்படிக் கையாளுவீர்கள், கழிவை எப்படி அழிப்பீர்கள், தரவை எப்படிப் பகுப்பாய்வு செய்வீர்கள். பிறகு வழிகாட்டும் ஆசிரியர், மாணவர், பெற்றோர் கையெழுத்துகள். பல்கலைக்கழக ஆய்வகத்தில் செய்வதாக இருந்தால் அந்த நிறுவனத்துக்குத் தனிப் படிவம். நுண்ணுயிர், மறுசேர்க்கை டிஎன்ஏ (வெவ்வேறு மூலங்களிலிருந்து எடுத்து இணைத்த டிஎன்ஏ), இரத்தம், திசு என்று வந்தால் தகுதிபெற்ற விஞ்ஞானி அல்லது பயிற்சிபெற்ற மேற்பார்வையாளரின் மேற்பார்வையும் அறிவியல் மறுஆய்வுக் குழுவின் முன் ஒப்புதலும். மனிதர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தாலும், சுவைக்கச் சொன்னாலும், அதற்கென்று வேறொரு குழுவின் ஒப்புதல் வேண்டும். ‘நண்பர்கள்தானே’ என்று வகுப்பில் பத்துப் பேரிடம் தரவு எடுத்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

பாதுகாப்பு நிலைகள் நான்கு. முதல் நிலை, ஆரோக்கியமானவருக்கு நோய் தராத நுண்ணுயிர்களுக்கு. இரண்டாம் நிலை, மிதமான ஆபத்துள்ளவற்றுக்கு. இதற்குச் சிறப்புக் காற்றுப்பெட்டியும் பயிற்சியும் வேண்டும். மூன்றும் நான்கும் மாணவருக்கு முற்றிலும் தடை. மண்ணிலிருந்தோ தோலிலிருந்தோ எடுத்த, பெயர் தெரியாத பாக்டீரியாவை முதல் நிலை ஆய்வகத்தில் வளர்க்கலாம். ஆனால் தட்டை ஒட்டி மூடியபடியே வைத்திருந்து, மூடியபடியே அழிக்க வேண்டும். திறந்து ஒரு காலனியை (ஒரே இடத்தில் பெருகிய நுண்ணுயிர்ப் புள்ளி) எடுத்து மறுபடி வளர்க்கப்போகிறீர்கள் என்றால் இரண்டாம் நிலை ஆய்வகம் தேவை. ‘என் தோட்டத்து மண்ணிலிருந்து புதிய ஆன்டிபயாடிக்’ என்ற ஆசை பெரும்பாலும் இந்த வரியில்தான் நின்றுபோகிறது.

ரொட்டி ஈஸ்ட்டுக்கு இந்தக் கூடுதல் ஒப்புதல் தேவையில்லை, அதன் மரபணுவை மாற்றாதவரை. வழக்கமான படிவங்கள் மட்டும் போதும். தொடக்கக்காரருக்கு ஈஸ்ட்டைச் சொல்வதற்கு முதல் காரணம் இதுவே.

ஒரு முழு எடுத்துக்காட்டு: ஈஸ்ட்டும் உப்பும்

மேலே சொன்ன கேள்வியையே எடுத்துக்கொள்வோம். முதல் கட்டம், எவ்வளவு உப்பில் ஈஸ்ட்டின் வேகம் பாதியாகிறது என்று கண்டுபிடிப்பது.

சர்க்கரைக் கரைசல் 2 சதவீதம் குளுக்கோஸ். உப்பு 0, 2, 4, 6, 8 சதவீதம். இங்கேயே முதல் தவறு காத்திருக்கிறது. 8 சதவீதம் என்றால் 8 கிராம் உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பிறகு மொத்தக் கொள்ளளவு 100 மில்லிலிட்டர் ஆகும்வரை தண்ணீர் சேர்ப்பது. 100 மில்லிலிட்டர் தண்ணீரில் 8 கிராமைக் கொட்டினால் கொள்ளளவு கூடி, செறிவு குறைந்துவிடும். செறிவு ஏற ஏறப் பிழையும் ஏறும்.

ஒவ்வொரு குழாயிலும் 10 மில்லிலிட்டர் கரைசல், 0.1 கிராம் உலர் ஈஸ்ட். இவ்வளவு சிறிய எடையை ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாக நிறுத்தால் தராசின் பிழையே தரவாகிவிடும். அதனால் 1 கிராம் ஈஸ்ட்டைத் தண்ணீரில் கலக்கி 10 மில்லிலிட்டர் ஆக்கி, நன்றாகக் குலுக்கியபடி ஒவ்வொரு குழாயிலும் 1 மில்லிலிட்டர் விடுங்கள். குலுக்காமல் விட்டால் ஈஸ்ட் அடியில் படிந்து, கடைசிக் குழாய்களுக்கு அதிகம் போகும். 9 மில்லிலிட்டர் கரைசலோடு இந்த 1 மில்லிலிட்டர் சேரும்போது உப்பு, சர்க்கரையின் செறிவு பத்தில் ஒரு பங்கு குறைந்துபோகும் என்பதை முன்பே கணக்கிட்டு, கரைசலை அதற்கேற்பச் செறிவாகத் தயாரிக்க வேண்டும். 8 சதவீதம் வேண்டும் என்றால் தொடக்கக் கரைசல் 8.9 சதவீதமாக இருக்க வேண்டும்.

வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ், நீர்த்தொட்டியில். வெளிவரும் வாயுவை அளவுக்கோடிட்ட ஊசிக்குழாயிலோ, நீர் நிரப்பிக் கவிழ்த்த அளவு உருளையிலோ பிடித்து, 10 நிமிடத்துக்கு ஒருமுறை 90 நிமிடம் வரை குறித்துக்கொள்ளுங்கள். கரியமில வாயு நீரில் ஓரளவு கரையும். ஆகவே நீர்வழிப் பிடித்தால் தொடக்க அளவுகள் உண்மையைவிடக் குறைவாக வரும். ஊசிக்குழாய் முறை இதைத் தவிர்க்கும், ஆனால் உலக்கை இறுகி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒப்பீட்டுக் குழாய்கள். நடுவர்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான். ஈஸ்ட் இல்லாத குழாய்: வெப்பத்தால் காற்று விரிவதை மட்டும் காட்டும், அந்த அளவை மற்றவற்றிலிருந்து கழிக்க வேண்டும். கொதிக்கவைத்துக் கொன்ற ஈஸ்ட்: வாயு உயிருள்ள செல்லிலிருந்துதான் வருகிறதா என்று காட்டும். சர்க்கரை இல்லாத குழாய்: ஈஸ்ட் தன் சேமிப்பை எரித்து எவ்வளவு வாயு தருகிறது என்று காட்டும். உப்பில்லாத குழாய், ஒப்பிடுவதற்கான அடிப்படை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சேர்த்தால் ஆய்வின் தரமே மாறும். உப்பு ஈஸ்ட்டை இரண்டு விதத்தில் தாக்கலாம்: சோடியம் நச்சாக இருக்கலாம், அல்லது வெளியே கரைபொருள் கூடியதால் செல்லிலிருந்து நீர் வெளியேறலாம். எது என்று பிரிக்க, உப்புக்குப் பதில் அதே சவ்வூடு அழுத்தம் (செல்லிலிருந்து நீரை இழுக்கும் விசை) தரும் வேறொரு பொருளைப் போட்டுப் பார்க்க வேண்டும். ரொட்டி ஈஸ்ட் எளிதில் உணவாக்காத சார்பிட்டால் இதற்கு வழக்கமாகப் பயன்படுகிறது. 4 சதவீத உப்பு, லிட்டருக்கு சுமார் 0.68 மோல். கரைந்ததும் இரண்டு அயனிகளாகப் பிரிவதால் 1.37 மோல் கரைபொருளுக்குச் சமம். சார்பிட்டாலின் மூலக்கூறு எடை 182. ஆகவே லிட்டருக்குச் சுமார் 250 கிராம், அதாவது ஏறத்தாழ 25 சதவீதம் சார்பிட்டால் வேண்டும். இரண்டிலும் வேகம் ஒரே அளவு குறைந்தால் காரணம் நீரிழப்பு. உப்பில் மட்டும் அதிகமாகக் குறைந்தால் சோடியத்துக்கும் அதில் பங்கு உண்டு. ‘உப்பு ஈஸ்ட்டைப் பாதிக்கிறது’ என்ற சொத்தை முடிவு, காரணம் சொல்லும் முடிவாகிவிட்டது. கூடுதல் செலவு ஒரு புட்டி சார்பிட்டால்தான்.

எத்தனை முறை செய்வது? ஒவ்வொரு செறிவுக்கும் ஒரே நாளில் மூன்று குழாய், இதேபோல் குறைந்தது மூன்று வெவ்வேறு நாள், ஒவ்வொரு நாளும் புதிதாகத் தயாரித்த கரைசலோடு. ஒரே கலவையிலிருந்து ஒன்பது குழாய் ஊற்றினால் அது ஒன்பது சோதனை ஆகாது. ஒரே சோதனையை ஒன்பது முறை அளந்தது மட்டுமே. அன்று கரைசல் தவறாக இருந்திருந்தால் ஒன்பதும் சேர்ந்து தவறும். பள்ளி ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் புள்ளியியல் பிழை இது. புள்ளியியல் தெரிந்த நடுவர் ஒரே கேள்வியில் இதைக் கண்டுபிடித்துவிடுவார்.

குழாய்களை 0, 2, 4, 6, 8 என்று வரிசையாக வைக்காமல் சீட்டு எடுத்துக் கலைத்து வையுங்கள். நீர்த்தொட்டியின் ஓரம் நடுவைவிடக் குளிர்ந்திருந்தால், வரிசையாக வைத்தபோது அந்தக் குளிர் உப்பின் விளைவுபோலத் தோன்றும்.

மூலிகைச் சாறும் தெளிவு வளையமும்

பாக்டீரியா பரப்பிய அகார் தட்டில் சாறு ஊறிய வட்டத்தாளை வைத்து, சுற்றிலும் உண்டாகும் தெளிவான வளையத்தை அளப்பது போட்டிகளில் மிக அதிகம் வரும் சோதனை. அதனாலேயே அதன் ஓட்டைகள் நடுவர்களுக்கு மனப்பாடம்.

வளையம் பெரிதாக இருப்பதால் சாறு வலிமையானது என்று சொல்ல முடியாது. வளையத்தின் அளவு, அந்தப் பொருள் அகாரில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. சிறிய, நீரில் கரையும் மூலக்கூறு தூரம் போகும். எண்ணெய்த்தன்மை உள்ளது தாளின் அருகிலேயே தங்கிவிடும். ஆகவே இரண்டு வெவ்வேறு சாறுகளின் வளையங்களை ஒப்பிட்டு ‘இது சிறந்தது’ என்று எழுதினால் அந்த வாக்கியமே தவறு. அகாரின் தடிமனும் வளையத்தை மாற்றும். 9 சென்டிமீட்டர் தட்டில் 25 மில்லிலிட்டர் ஊற்றினால் சுமார் 4 மில்லிமீட்டர் வரும். எல்லாத் தட்டிலும் அதே அளவு ஊற்ற வேண்டும். அகாரை 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து (உயர் அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), 50 டிகிரிக்கு ஆறிய பிறகு ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் மூடியில் நீர் கோத்து, அந்தத் துளிகள் விழுந்து காலனிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

சாற்றை எத்தனாலில் எடுத்திருந்தால், எத்தனால் மட்டும் ஊறிய தாள் ஒன்று கட்டாயம் வேண்டும். எத்தனாலே பாக்டீரியாவைக் கொல்லும். தாளை முழுவதும் உலரவிட்ட பிறகே தட்டில் வையுங்கள். புளிப்பான பழச்சாறு என்றால் அதே அமிலத்தன்மைக்குக் கொண்டுவந்த நீர் ஊறிய தாளும் வேண்டும். இல்லையென்றால் அமிலம் செய்த வேலையைப் பழத்தின் மருத்துவக் குணம் என்று எழுதிவிடுவீர்கள். தெரிந்த ஆன்டிபயாடிக் தாள் ஒன்றையும் வையுங்கள். அதைச் சுற்றி வளையம் வரவில்லை என்றால் தட்டில்தான் கோளாறு.

இதைவிட நல்ல வழி, திரவ ஊடகத்தில் இரட்டைப்படி நீர்த்தல். சாற்றைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், பாக்டீரியா வளராத மிகக் குறைந்த செறிவைக் கண்டுபிடிப்பது. பரவும் சிக்கல் இதில் இல்லை, விடை ஓர் எண்ணாக வரும். ஒரே தொல்லை, சாறு நிறமாகவோ கலங்கலாகவோ இருந்தால் கலங்கலைப் பார்த்து வளர்ச்சியைச் சொல்ல முடியாது. அப்போது ஒவ்வொரு குழாயிலிருந்தும் சிறிது எடுத்துத் தட்டில் பரப்பிக் காலனிகளை எண்ண வேண்டும். 1 மில்லிலிட்டரை 9 மில்லிலிட்டரில் கலந்து படிப்படியாகப் பத்து மடங்கு நீர்த்து, ஒவ்வொரு படிக்கும் பைப்பெட் முனையை மாற்றி, 0.1 மில்லிலிட்டர் பரப்புங்கள். 30 முதல் 300 வரை காலனி உள்ள தட்டை மட்டும் கணக்கில் எடுங்கள். ஒரு லட்சம் மடங்கு நீர்த்த தட்டில் 84 காலனி இருந்தால், மூலத்தில் மில்லிலிட்டருக்கு 8.4 கோடி செல்கள் இருந்தன.

முடிந்ததும் தட்டுகளை ஆட்டோகிளேவ் செய்யுங்கள், அல்லது வீட்டு உபயோக பிளீச்சைப் பத்தில் ஒரு பங்காக நீர்த்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது. பிளீச் ஆட்டோகிளேவின் சூட்டில் நச்சு வாயு விடும்.

டிஎன்ஏ வேலை

பிசிஆர் என்பது டிஎன்ஏவின் ஒரு பகுதியை மட்டும் நகலெடுத்துப் பெருக்குவது. 95 டிகிரியில் இழைகள் பிரியும், 55 முதல் 65 டிகிரியில் பிரைமர்கள் (நகலெடுப்பு தொடங்கும் இடத்தைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) ஒட்டும், 72 டிகிரியில் நொதி புதிய இழையைக் கட்டும். ஒவ்வொரு சுற்றும் இரட்டித்தால், 30 சுற்றில் ஒன்று 107 கோடியாகும். இந்தப் பெருக்கமே இதன் பலவீனமும்: கையுறையில் ஒட்டிய ஒரு துளி டிஎன்ஏவும் அதே வேகத்தில் பெருகும். அதனால் மாதிரிக்குப் பதில் தூய நீர் விட்ட குழாய் ஒன்று ஒவ்வொரு முறையும் ஓட வேண்டும். முடிவை ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது அதில் பட்டை (டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் கோடு) தெரிந்தால் அன்றைய முடிவு முழுவதும் குப்பைக்குத்தான். தாவர மாதிரியில் எதுவுமே தெரியாவிட்டால், டிஎன்ஏ இல்லை என்று அவசரப்பட வேண்டாம். இலையின் பாலிஃபீனாலும் சர்க்கரைச் சங்கிலிகளும் நொதியைத் தடுக்கும். மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டினால் பல நேரம் பட்டை வந்துவிடும்.

பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிடை (ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணு கொண்ட சிறு டிஎன்ஏ வளையம்) செலுத்தும் சோதனைக்கு நான்கு தட்டுகள் தேவை: பிளாஸ்மிட் செலுத்திய செல், செலுத்தாத செல் இரண்டையும் ஆம்பிசிலின் உள்ள தட்டிலும் இல்லாத தட்டிலும் பரப்ப வேண்டும். பனியில் வைத்த செல்லுக்கு 42 டிகிரியில் 45 முதல் 50 விநாடி சூடு, உடனே மறுபடி பனி. நேரம் தவறினால் செல்கள் இறந்துவிடும் அல்லது பிளாஸ்மிட் உள்ளே போகாது. தட்டை இரண்டு நாள் வைத்தால் பெரிய காலனியைச் சுற்றிக் குட்டிக் காலனிகள் தோன்றும். அவை பிளாஸ்மிடைப் பெற்றவை அல்ல. பெரிய காலனி வெளியிட்ட நொதி சுற்றியுள்ள ஆம்பிசிலினைச் சிதைத்துவிட்டதால் பிழைத்தவை. அவற்றையும் எண்ணினால் உங்கள் வெற்றி விகிதம் பொய்யாகப் பெருகும்.

ஆய்வகமே இல்லையென்றால் கணினிவழி உயிரியல் இருக்கிறது. மரபணு வரிசைகளும் புரத வடிவங்களும் பொதுத் தரவுத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மருந்து மூலக்கூறு புரதத்தில் பொருந்துமா என்று பார்க்கும் டாக்கிங் மென்பொருள் மாணவர்களிடையே பிரபலம். ஆனால் அது தரும் மதிப்பெண் ஓர் ஊகம் மட்டுமே. புரதத்தில் பொருந்தியிருக்கும் உண்மையான நிலை ஏற்கெனவே தெரிந்த மூலக்கூறு ஒன்றை முதலில் எடுத்து, மென்பொருள் அதைச் சரியான இடத்தில் பொருத்துகிறதா என்று பாருங்கள். உண்மை நிலையிலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ராம் ஒரு மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வந்தால் அமைப்பை நம்பலாம். இந்தச் சோதனை இல்லாமல் ‘மருந்து கண்டுபிடித்தேன்’ என்று வரும் திட்டங்கள் ஏராளம்.

ஆய்வேடும் எண்களும்

தைத்த குறிப்பேடு, பக்க எண், தேதி, பேனா. தவறான எண்ணை ஒரே கோட்டால் அடித்து, கீழே உள்ளது தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். கெட்டுப்போன தட்டு, தவறவிட்ட அளவீடு, அன்று மின்சாரம் நின்றது எல்லாம் அதில் இருக்க வேண்டும். அழகாகப் படியெடுத்த ஏட்டைவிடக் கறைபடிந்த அசல் ஏட்டுக்கே மதிப்பு அதிகம்.

எந்தப் புள்ளியியல் சோதனையைப் பயன்படுத்துவீர்கள் என்பதைத் தரவு வரும் முன்பே எழுதிவிடுங்கள். வந்த பிறகு பத்து ஒப்பீடுகளைத் தனித்தனியாகச் செய்து, ஒவ்வொன்றிலும் 5 சதவீதப் பிழையை அனுமதித்தால், வித்தியாசமே இல்லாத இடத்திலும் ஏதோ ஒன்று ‘முக்கிய வேறுபாடு’ என்று காட்டும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம். இரண்டுக்கு மேற்பட்ட குழுக்களுக்கு, எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மாறுபாட்டுப் பகுப்பாய்வை முதலில் செய்யுங்கள். கருதுகோள் பொய்த்துப்போனால் அப்படியே எழுதுங்கள். அதற்காக மதிப்பெண் குறையாது.

நடுவர் முன்னால்

ஐசெஃப்பின் அறிவியல் பிரிவில் மதிப்பெண் இப்படிப் பிரிகிறது: கேள்விக்கு 10, வடிவமைப்புக்கு 15, செய்து முடித்ததற்கும் பகுப்பாய்வுக்கும் 20, புதுமைக்கு 20, சுவரொட்டிக்கு 10, நேர்காணலுக்கு 25. நேர்காணல்தான் பெரிய பங்கு என்பதைக் கவனியுங்கள். சுவரொட்டியின் வண்ணத்துக்கு ஒரு வாரம் செலவிட்டு, பேசிப் பழக ஒரு மாலை மட்டும் ஒதுக்குவது தலைகீழ்க் கணக்கு.

ஆய்வுச் சுருக்கம் 250 சொல்லுக்குள் இருக்க வேண்டும். அதில் எண் இருக்கட்டும். ‘வளர்ச்சி குறைந்தது’ என்பதைவிட எந்தச் செறிவில் எத்தனை சதவீதம் குறைந்தது, எத்தனை சோதனைகளில் என்று எழுதுங்கள். வழிகாட்டி எந்த வேலையைச் செய்தார், நீங்கள் எதைச் செய்தீர்கள் என்பதைத் தயங்காமல் பிரித்துச் சொல்லுங்கள். பெரிய ஆய்வகத்தில் செய்த திட்டம் என்றால் முதல் கேள்வியே அதுதான். வீட்டில் ஈஸ்ட் வைத்துச் செய்தவருக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு: ஒவ்வொரு படியும் அவருடையது, எந்த இடத்தில் கேட்டாலும் அவரால் காரணம் சொல்ல முடியும்.

‘இந்த அளவை ஏன் எடுத்தீர்கள்?’, ‘இது இல்லாமல் வேறு எந்தக் காரணத்தால் இதே முடிவு வந்திருக்கும்?’, ‘இன்னும் ஆறு மாதம் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?’ ஆகிய மூன்றும் ஏதோ ஒரு வடிவில் கட்டாயம் வரும். இரண்டாவதற்கு விடை உங்கள் ஒப்பீட்டுக் குழாய்களில் இருக்கிறது. தெரியாத கேள்வி வந்தால், தெரியாது என்று சொல்லி, எந்தச் சோதனை செய்தால் தெரியவரும் என்று யோசித்துச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை எச்சரிக்கை. காட்சி மேசையில் உயிருள்ள எதுவும், மண், வேதிப்பொருள், தண்ணீர்கூட வைக்க அனுமதி இல்லை. மாதக்கணக்கில் வளர்த்த தட்டுகள் எதுவும் அங்கே வராது. ஆகவே ஒவ்வொரு தட்டையும் அழிக்கும் முன், மூடியபடியே, பக்கத்தில் அளவுகோல் வைத்து, தேதியும் மாதிரி எண்ணும் தெரியும்படி, ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். ஆட்டோகிளேவுக்குள் போன தட்டை மறுபடி படமெடுக்க முடியாது.